சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி வந்த கடிதம்

போன வாரம், நான் ஓய்வு பெற்று வந்த நம் ஆலையின் சம்பளப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு உத்தரவின் நகல். தொழிலாளி ஒருவரின் சம்பளத்திலிருந்து பழைய வருமான வரிப் பாக்கியைப் பிடித்து அனுப்பும்படி வந்திருந்தது. இதைக் கணக்குப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கேட்டாள். தலைப்பைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், அதற்குப் புத்தகம் இருக்கிறது. நான் அவளைத் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். அந்த ஆளிடம் சொல்லிவிட்டாயா?

இல்லை என்றாள். அவர் வயதில் பெரியவர், போய்ச் சொல்ல ஒரு மாதிரியாக இருக்கிறது என்றாள்.

அந்த 'ஒரு மாதிரி' எனக்கு நன்றாகத் தெரியும். அதற்குப் பயந்து ஒரு மனிதரை ஊரை விட்டே கிளப்பப் பார்த்தவள் நான். அவள் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். அவளுக்குப் பின்னால் வரப்போகிறவர்களுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளைக்காரன் ஆட்சி. ஆவடியைச் சுற்றி ராணுவக் கூடாரங்களும் கிடங்குகளும் முளைத்துக்கொண்டே இருந்தன. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் ஒரு மரப்பெட்டித் தொழிற்சாலை. பட்டாளத்துச் சாமான்களை அடைத்து அனுப்பும் பெட்டிகளைச் செய்வார்கள். ஆண்கள் பலர் பட்டாளத்துக்குப் போய்விட்டதால், டைப் அடிக்கத் தெரிந்திருந்தால் பெண்ணானாலும் பரவாயில்லை என்று என்னை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா இல்லை. அம்பத்தூரிலிருந்து காலை பாசஞ்சரில் பெண்கள் பெட்டியில் ஏறி வருவேன். ஆபீஸில் நான் ஒருத்திதான் பெண். பட்டறை ஆட்கள் என்னைக் கிளார்க்கம்மா என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தத் தப்பும் செய்துவிடக் கூடாது, 'பொம்பளையை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்' என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதே எந்நேரமும் என் நினைப்பு. நான் செய்த தப்புக்கு வேரும் அந்த நினைப்புதான்.

மரம் பார்த்துப் பிரிக்கும் மேஸ்திரியாகக் காதர் பாய் இருந்தார். பூந்தமல்லிக்காரர், ஐம்பது வயதிருக்கும். லாரியில் வந்து இறங்கும் பலகைகளை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார், சில சமயம் முகர்ந்தும் பார்ப்பார். இது வெடிமருந்துப் பெட்டிக்கு, இது துணிப் பெட்டிக்கு, இது அடுப்புக்கு என்று சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே போவார். அவர் போட்ட கோட்டை ராணுவ இன்ஸ்பெக்டர் மாற்றி நான் பார்த்ததில்லை. அதிகம் பேச மாட்டார். என் நாற்காலி உயரமாக இருந்து கால் தரையில் படாமல் தொங்குவதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே ஒரு கால்பலகை செய்து மேஜைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அப்படிப்பட்ட மனிதர்.

ஒரு நாள் தபாலில் அரசாங்க முத்திரை போட்ட பழுப்புக் கவர் வந்தது. உள்ளே வருமான வரி அதிகாரியின் கடிதம். உங்களிடம் வேலை பார்க்கும் இன்னார் முன்பு பூந்தமல்லியில் மரவாடி வைத்து மர வியாபாரம் நடத்தியவர்; மூன்று வருஷங்களுக்கு வருமானக் கணக்கு தாக்கல் செய்யவில்லை; ஆகவே வருமானத்தை நாங்களே மதிப்பிட்டு வரி போட்டிருக்கிறோம்; முந்தைய இரண்டு வருஷ வரியை அவர் கட்டவில்லை; இனி அவருக்குக் கொடுக்கும் சம்பளத்திலிருந்து பிடித்து அனுப்ப வேண்டும்; தவறினால் அந்தப் பொறுப்பு உங்களைச் சேரும். கடைசி வரியை மட்டும் திரும்பப் படித்தேன். அவர் எங்கே வேலை செய்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பிறகுதான் யோசித்தேன். வருஷா வருஷம் வரி ஆபீஸுக்கு அனுப்பும் சம்பளப் பட்டியலில் அவர் பெயரையும் விலாசத்தையும் டைப் அடித்தவளே நான்தான்.

மானேஜர் துரையிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொன்னபடி செய் என்று ஓரத்தில் எழுதித் தந்தார். மாதம் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று கடிதத்தில் இல்லை. அதை நான் துரையிடம் கேட்கவில்லை. ஹெட் கிளார்க்கிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவள் என்று நினைப்பார்களே. மொத்தப் பாக்கி அவருடைய ஏழெட்டு மாதச் சம்பளத்துக்கு மேல் இருந்தது. குறைத்துப் பிடித்து நம் தலைக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று, அந்த மாதச் சம்பளம் முழுவதையும் பிடித்ததாக எழுதிவிட்டேன்.

காதர் பாயிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சம்பள நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. தினம் இரண்டு தடவையாவது அவர் என் ஜன்னலைக் கடந்து போவார். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். ஆபீஸ் வேலையைச் சரியாகச் செய்தாகிவிட்டது, இதற்கு மேல் சொல்லுவது என் வேலை இல்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு.

சம்பள நாள் வந்தது. ஜன்னலுக்கு வெளியே நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். காதர் பாய் கையெழுத்துப் போட்டுக் கவரை வாங்கினார். விரலை விட்டுப் பார்த்தார்.

"இன்னாம்மா, கவர் காலியா கீதே" என்றார்.

அந்தப் பக்கம் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. காதில் விழ வேண்டுமே என்று நான் குரலை உயர்த்தினேன். "இன்கம் டாக்ஸ்காரங்க உங்க சம்பளத்தைப் பிடிச்சுட்டாங்க பாய். பழைய பாக்கியாம்."

நான் சொல்லி முடிக்கிற நேரத்துக்குச் சரியாக ரம்பம் நின்றது. கடைசி வார்த்தைகள் வரிசை முழுவதற்கும் கேட்டன. பின்னால் நின்றவர் அரை அடி தள்ளி நின்றுகொண்டார். காதர் பாய் அந்தக் காலிக் கவரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தலையை ஒரு முறை ஆட்டினார். யாரையும் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் வேறொருவர் கோடு போட்ட பலகைகளில் செய்த பெட்டிகளைப் பாதிக்கு மேல் இன்ஸ்பெக்டர் தள்ளிவிட்டார். அப்போதுதான் ஹெட் கிளார்க் என் மேஜைக்கு வந்து அந்தக் கடிதத்தைக் கேட்டார். எந்நேரமும் பொடி போட்டுக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிடுசிடுக்கிற மனிதர் அவர். இரண்டு தடவை படித்தார்.

"முழுசாப் பிடிக்கச் சொல்லி இதுல எங்கம்மா இருக்கு?"

கடிதத்தை வாங்கி நானும் தேடிப் பார்த்தேன்.

"எவ்வளவுன்னு போடலைன்னா, அவங்களுக்கே எழுதிக் கேட்கணும். பதில் வர்ற வரைக்கும் கொஞ்சம் பிடிச்சாப் போதும். அந்த ஆபீஸ்லயும் மனுஷங்கதான் உக்காந்திருக்காங்க." பிறகு போகிற போக்கில், அந்த ஆள் மலபார்ப் பக்கம் காட்டில் மரம் வெட்டும் ஏதோ கூப்புக்குப் போகப் போவதாகப் பட்டறையில் பேச்சு என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு மேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு பூந்தமல்லிக்குக் கிளம்பினேன். அந்த நாளில் யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காது. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி அடுப்பைக் கட்டி, அதில் வருகிற வாயுவில் ஓட்டுவார்கள். ஆவடியில் நான் ஏறிய பஸ் பருத்திப்பட்டு மேட்டில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நடந்தோம். கோயிலுக்குக் கட்டிய வெள்ளைப் புடவையில் கரித்தூள். வழி நெடுக என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அங்கே போனதும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

தர்கா பக்கத்துச் சந்தில் அவர் வீடு. வாசல் கூடத்தில் ஒரு ஜமுக்காளத்தை விரித்து, துணிகளையும் மரம் சீவும் இழைப்புளியையும் சேர்த்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். உட்காரச் சொன்னார். உள்ளே திரும்பி, கிளார்க்கம்மா வந்திருப்பதாகக் குரல் கொடுத்தார். அவருடைய மனைவி சுலைகா பீவி கதவு ஓரம் வந்து நின்றார். அழுது வீங்கிய கண்கள்.

"தப்பு என்னோடது பாய்" என்றேன். "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். முழுச் சம்பளத்தையும் பிடிச்சதும் நான்தான். யாரும் சொல்லலை."

அவர் மூட்டையின் முடிச்சை இழுத்து இறுக்கினார். "துட்டு போனா போவுதும்மா. நாப்பது பேர் எதிர்ல திருடன் மாதிரி நின்னுகினு இருந்தேன். என் கைக்குக் கீழ வேல செய்யற ஆளுங்க. இனிமே நான் போட்ற கோட்டை எவன் மதிப்பான்?"

சுலைகா பீவி கதவு ஓரத்திலிருந்தே குறுக்கிட்டார். இவர் ஜெயிலுக்குப் பயந்துதான் ஓடுகிறார், எவ்வளவு சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறார், நீங்களாவது சொல்லுங்கள் என்றார். யார் ஜெயில் என்று சொன்னது என்று நான் கேட்டேன். யாரும் சொல்லவில்லை. "அத்தனை கவரு வந்துகீது. சும்மாவா அனுப்புவாங்க" என்றார் அந்தம்மா.

எத்தனை கவர் என்று கேட்டேன். அவர் உள்ளே போய் அரிசித் தகரப் பெட்டியைத் தூக்கி வந்தார். அதில் பதினோரு பழுப்புக் கவர்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சிலவற்றில் எலி கடித்த ஓரம்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தமிழ் படிக்க வரும். இங்கிலீஷ் வராது. யாரிடமாவது கொடுத்துப் படிக்கலாம் என்றால், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்ற பயம். பிரிக்காத வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு நம்பிக்கை. இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஒன்பது நாள் ஜன்னல் வழியாக அவர் போவதைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்த எனக்குச் சிரிக்கும் யோக்கியதை இல்லை.

கோரைப் பாயில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தேதிவாரியாக அடுக்கி, வாசித்துத் தமிழில் சொன்னேன். நான் வாசிக்க வாசிக்க, அந்த வருஷங்களில் என்ன நடந்தது என்று காதர் பாய் சொல்லிக்கொண்டு வந்தார். சொந்த மரவாடியை நன்றாகத்தான் நடத்தியிருக்கிறார். தேக்கு நேரடியாக வாங்கினால் லாபம் என்று ரங்கூனுக்குக் கப்பலேறினார். மூன்று மாதத்தில் திரும்புவதாகக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவியை நசரத்பேட்டையில் அந்தம்மாவின் தாய் வீட்டில் விட்டுப் போனார். போன இடத்தில் பணம் வாங்கியவன் மரம் தரவில்லை. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, அங்கேயே ஒரு மர மில்லில் கூலிக்கு இருந்துவிட்டார். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்தே கிளம்பினார். ஆறு ஒன்றைக் கடக்கும்போது பெட்டி போய்விட்டது. அதோடு பயணப் பாஸும் காகிதங்களும் போய்விட்டன. காய்ச்சலோடு வந்து சேர்ந்தவரிடம், கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர் கதவுக்கடியில் கிடந்த கவர்களைக் கட்டாகக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் புதுக் கவர்கள் வந்துகொண்டிருந்தன.

ஆக, மூன்று வருஷ வரியில் இரண்டு வருஷம் அவர் இங்கே இல்லை. பூட்டிக் கிடந்த கடைக்கு வரி.

பதினோராவது கவர்தான் எங்களைக் காப்பாற்றியது. மூன்றாவது வருஷத்துக்கான வரி உத்தரவு அது, வந்து பதினாலு நாள்தான் ஆகியிருந்தது. தக்க காரணத்தால் கணக்குத் தாக்கல் செய்ய முடியாமல் போயிருந்தால், உத்தரவை ரத்துச் செய்யும்படி முப்பது நாளுக்குள் மனுக் கொடுக்கலாம் என்று கடைசியில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அந்த வரியை மூன்று தடவை படித்தேன். பிறகு உரக்கப் படித்தேன்.

"இன்னும் பதினாறு நாள் இருக்கு பாய்."

அவர் மூட்டையை அவிழ்க்கவில்லை. ஆனால் மறுநாள் மலபாருக்குப் போகவும் இல்லை.

ஹெட் கிளார்க் எனக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்று போட்ட இடத்தில் 'ஆபீஸ் விஷயமாக' என்று அவரே நிரப்பினார். காதர் பாயும் நானும் சென்ட்ரலில் இறங்கி, டிராம் பிடித்து வரி ஆபீஸுக்குப் போனோம். நான் டைப் அடித்த மனு என் பைக்குள் இருந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்திருந்தார். டிராமில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தார்.

பதினொரு மணிக்கு உள்ளே போனோம். அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டே மனுவைப் படித்தார். கோபக்காரராகத் தெரியவில்லை, களைத்துப் போனவராகத் தெரிந்தார். ஏன் ஒரு கடிதத்துக்குக்கூடப் பதில் போடவில்லை என்று தமிழில் கேட்டார். வழியெல்லாம் நான் காதர் பாய்க்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். ரங்கூனில் இருந்தேன் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதெல்லாம் வேண்டாம் என்று. அவர் என் பேச்சைக் கேட்கவில்லை.

"முதல்ல ஊர்ல இல்லீங்க. வந்தப்புறம் பயந்துகினு பிரிக்கலீங்க. அது என் தப்பு" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அதிகாரி கைக்குட்டையைக் கீழே வைத்துவிட்டு அவரை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, ஊரில் இல்லாததற்கு இடமுண்டு என்றார். ரங்கூனில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார்.

அத்தாட்சி ஆற்றோடு போயிற்று. காதர் பாய் அதைச் சொன்னார். கப்பல் சீட்டு, அகதி முகாமில் கொடுத்த சீட்டு, தெரிந்தவர்களின் கடிதம், எதுவாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். எதுவும் இல்லை. அத்தாட்சி கொண்டுவந்தால் பார்க்கலாம் என்று சொல்லி மனுவைத் திருப்பி நீட்டினார். காதர் பாய் கும்பிட்டுவிட்டு எழுந்தார். அவர் எழுந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. இங்கிருந்து போனால் அந்த மூட்டையோடு நேராக மலபார் ரயிலைப் பிடிப்பார்.

அந்த நேரத்தில் எனக்கு ஏதோ தோன்றியது. சாமர்த்தியம் என்று சொல்ல மாட்டேன். பதினோரு கவரையும் வாய்விட்டுப் படித்திருந்தேன், அதனால் வரிகள் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் இரண்டு கடிதங்களில், முந்தைய நோட்டீஸ் கடைக் கதவில் ஒட்டப்பட்டது என்று இருந்தது.

"சார், நோட்டீஸைக் கதவில ஒட்டினதா உங்க கடிதத்தில இருக்கு" என்றேன். "ஆள் கையில கொடுக்காம ஏன் ஒட்டினோம்னு ஒட்டின சேவகர் எழுதிக் கொடுத்திருப்பாரே."

அதிகாரி என்னைப் பார்த்தார். நீ யார் என்று கேட்டார். இவர் சம்பளத்தைப் பிடித்த கிளார்க் என்றேன். அவர் முகத்தில் ஏதோ அசைந்தது, சிரிப்பா சளியா என்று தெரியவில்லை. மணியடித்து ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார்.

ஃபைல் வர முக்கால் மணி நேரமானது. நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காதர் பாய் பெஞ்சின் பலகையை விரல் முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்து, "வேம்பு" என்று மட்டும் சொன்னார்.

திரும்பக் கூப்பிட்டார்கள். அதிகாரி ஃபைலைத் திறந்து, ஓரம் கிழிந்த ஒரு சின்னக் காகிதத்தில் விரலை வைத்திருந்தார். சேவகர் தமிழில் பென்சிலால் எழுதிக் கொடுத்தது. அதிகாரி அதை உரக்கப் படித்தார். கடை பூட்டியிருக்கிறது, ஆள் ரங்கூனுக்குப் போய்ப் பல மாதம் ஆனதாக அண்டையில் வண்டிப் பட்டறைக்காரர் சொல்கிறார், ஆகவே இரண்டு சாட்சி வைத்துக் கதவில் ஒட்டினேன். அடுத்த வருஷக் காகிதமும் இருந்தது. அதே சேவகர், அதே பூட்டிய கடை, இன்னும் வரவில்லை என்று மட்டும் கூடுதலாக.

"நாங்க தேடின அத்தாட்சி எங்ககிட்டயே இருந்திருக்கு" என்றார் அதிகாரி. யாரையும் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. ஃபைலை மூடவும் இல்லை. அங்கேயே எழுத ஆரம்பித்தார்.

மூன்றாவது வருஷத்து உத்தரவை ரத்துச் செய்து, கணக்கைப் புதிதாகத் தாக்கல் செய்யச் சொன்னார். இரண்டாவது வருஷத்துக்குக் கெடு தாண்டிவிட்டதால் மேலதிகாரிக்கு மனுப் போட வேண்டும், கூடவே தன் குறிப்பையும் அனுப்புவதாகச் சொன்னார். அது முடிகிற வரைக்கும் சம்பளத்தைப் பிடிக்க வேண்டாம் என்று எங்கள் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி, என் கையிலேயே கொடுத்தார். முதல் வருஷம் மட்டும் நிற்கும் என்றார். அந்த வருஷம் கடை ஓடியது, வருமானம் வந்தது, அதற்கு வரி உண்டு. காதர் பாய் உடனே ஒப்புக்கொண்டார். நான் பிடித்து அனுப்பிய அந்த ஒரு மாதச் சம்பளத்தை அந்தக் கணக்கில் வைத்துக்கொண்டார்கள். மீதிக்குச் சிறு தவணைகள்.

வெளியே வந்து படியிறங்கியதும் காதர் பாய் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மயக்கமோ என்று பயந்து குனிந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதும்மா. நாலு நாளா பசியே எடுக்கல" என்றார்.

எதிரே ஒரு காப்பிக் கடையில் நாங்கள் சாப்பிட்ட இட்லிகளின் எண்ணிக்கையைச் சொல்ல மாட்டேன். திரும்பும்போது டிராமில் அவர் உட்கார்ந்துகொண்டார். ரயிலில் வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். நான் என் நிறுத்தத்தில் இறங்காமல் ஆவடி வரை போய் அவரை எழுப்பி விட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பி வந்தேன்.

மேலிடத்து உத்தரவு சில மாதம் கழித்து வந்தது. இரண்டாவது வருஷமும் ரத்து. அதற்குள் அவர் பழையபடி கோடு போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாற்பது பேரும் அவர் கோட்டை மதித்தார்கள். அது அவருடைய மரம் பார்க்கும் கண்ணுக்காக. என்னால் போன மரியாதையை நான்தான் மீட்டுக் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமையில்லை. இழுத்துவிட்டதைச் சரிசெய்தேன், அவ்வளவுதான். சரிசெய்ய வழியே இல்லாத தப்புகளும் நம் தொழிலில் உண்டு. எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த எத்தனையோ கம்பெனிகளில், கடைசியாக நம் அம்பத்தூர் ஆலையிலும், இப்படி ஒரு உத்தரவு வந்தால் அதை எந்தப் புத்தகத்திலும் ஏற்றுவதற்கு முன்னால் அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்து, காகிதத்தை அவர் கையில் கொடுத்துவிடுவேன். வீட்டில் இதைப் போல வேறு கவர்கள் இருக்கின்றனவா என்று கேட்பேன். பாதிப் பேர் வீட்டில் இருக்கும். தெரியாததைக் கேட்டு எழுதுவேன். கேட்டதற்காக என்னை யாரும் மட்டமாக நினைத்ததாகத் தெரியவில்லை. நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

அன்றைக்கு ஆவடியில் காதர் பாய் விஷயம் பட்டறை முழுக்கப் பரவிவிட்டது. அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆறேழு பேரைக் கூட்டிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். எல்லோர் கையிலும் பிரிக்காத கவர். ஒருவருக்குக் கோர்ட்டு சம்மன், ஒருவருக்கு நிலவரி, ஒருவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாழ்த்து அட்டை. அதை இரண்டு வருஷமாக ஒளித்து வைத்திருந்தார்.

கடைசியாக, இழைப்புத் தூள் பெருக்கும் முனியம்மா வந்தாள். அவளுடைய ஒரே மகன் பட்டாளத்தில் இருந்தான். நாலைந்து மாதமாகப் பணமும் இல்லை, சேதியும் இல்லை. போன வாரம் வந்த கவரை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அதில் ராணுவ முத்திரை இருந்தது. அவள் எதை நினைத்துப் பிரிக்கவில்லை என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. காதர் பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"படிச்சிட்டு வாயால ஒண்ணும் சொல்லாத கிளார்க்கம்மா" என்றாள் முனியம்மா. "உன் மூஞ்சியப் பாத்து நானே தெரிஞ்சிக்கிறேன்."

பிரித்தேன். ஒரு கடிதமும், அதோடு பின் குத்திய, கைரேகைக்குக் கட்டம் போட்ட ஒரு படிவமும் இருந்தன. உங்கள் மகன் தன் சம்பளத்தில் பாதியை மாதாமாதம் பிடித்துத் தாயாருக்கு அனுப்பும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். இதில் உங்கள் கைரேகை வைத்து அனுப்பினால், சேர்த்து வைத்த மாதங்களுக்கும் சேர்த்துப் பணம் வரும். முன்பு அனுப்பிய படிவம் திரும்பி வராததால் இது இரண்டாவது. கீழே, இங்கிலீஷ் எழுத்துக்களுக்கு அடியில், கோணலாகத் தமிழில் அவன் கையெழுத்து. போன மாதத் தேதி.

என் முகம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் முனியம்மா கைரேகை வைக்கும் இங்க் பெட்டியைத் தேடி என் மேஜை மேல் கையை நீட்டிவிட்டிருந்தாள்.